டிக்கிக்குள் நாலு சக்கரம்

முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடது. இந்த வரிசையில்தான் எழுப்ப வேண்டும், மாற்றினால் வண்டி குழம்பிவிடும். கைக்கு அடக்கமான டூலை டயரில் வால்வு இருக்கும் பக்கம் காட்டிப் பொத்தானை அழுத்தினால் உள்ளே உறங்கிக் கிடக்கும் சென்சார் விழித்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும், டயரில் காற்று எவ்வளவு என்று சொல்லும், பாட்டரி நன்றாக இருப்பதாகச் சொல்லும். அந்த எண்ணை வண்டிக்குள் பதிந்துவிட்டால் தீர்ந்தது. அதற்கப்புறம் அந்தச் சக்கரத்தில் காற்று குறைந்தால் ஓட்டுகிறவர் கண்ணுக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரியும். சின்ன வேலைதான், நாலு சக்கரத்துக்கும் சேர்த்து அரை மணி நேரம். காலையிலிருந்து மூன்று தடவை பதிந்துவிட்டேன். மூன்று தடவையும் வண்டி சரி சரி என்று ஹாரனைச் சின்னதாக ஊதி ஏற்றுக்கொண்டது. பைபாஸில் கங்கைகொண்டான் வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் நான் பதிந்த நாலு எண்ணும் இல்லை. பழைய நாலு எண்ணும், எங்கேயும் எழுந்து போகாதவை போல, அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இசக்கி அண்ணாச்சி, கடை அவருடையது, என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று திரையை எட்டிப் பார்த்தார். "ஏல பாலவேசம், புது சென்சாரு நாலும் உள்ளதான இருக்கு. பழசு அத்துப் போயி எத்தனையோ மாசம். செத்தது எங்க இருந்துல பேசுது?" தெரியல அண்ணாச்சி என்றேன். "என்னது?" தெரியல என்றேன் மறுபடியும். "நீ பேசுதத கேக்கதுக்கே ஒரு டூல் வாங்கணும்ல" என்று சொல்லிவிட்டு அலைன்மெண்ட்டுக்கு நின்ற லோடு ஆட்டோவைப் பார்க்கப் போனார். எனக்குத் தெரியும். தெரியல என்று இரண்டு தடவை சொன்னேன், இரண்டு தடவையும் தெரிந்துதான் சொன்னேன். டிக்கியில், ரப்பர் விரிப்புக்குக் கீழே, ஸ்டெப்னி படுத்திருக்கும் குழியில் ஒரு குழாய் கிடக்கிறது. அங்கிருந்துதான் பேசுகின்றன.

கிடக்கிறதா என்று இன்னும் பார்க்கவில்லை. வண்டி ரிப்பேருக்குக் கிடந்த பட்டறையில் யாராவது எடுத்து எறிந்திருக்கலாம். குழாயைக் கண்டால் தண்ணீர்க் குழாய் மிச்சம் என்றுதான் யாருக்கும் தோன்றும், போர்வெல் போடும் இடத்தில் வெட்டிப் போட்ட துண்டு மாதிரிதான் இருக்கும். ஒரு முழ நீளம், இரண்டு முனையிலும் மூடி வைத்துப் பசை போட்டு இறுக்கி, ஒரு மூடியில் துளை போட்டு டயர் வால்வு ஒன்றைச் செருகினேன். ஒன்றரை வருஷத்துக்கு முந்தி. இந்த வண்டியின் சொந்தக்காரர் ஞானதுரை சார் வந்து நின்றார், அந்த லைட் எந்நேரமும் எரிகிறது தம்பி, கூடவே ஒரு சத்தம் வேறு, நாளைக்கு மதுரையில் கல்யாணம், வண்டி நிறைய ஆள், எல்லாரும் என்னது என்னது என்று கேட்பார்கள் என்றார். நாலு சென்சாரிலும் அடித்தண்டு உப்புப் பூத்து அரித்திருந்தது, அதன் வழியே காற்று கசிந்துகொண்டிருந்தது. புதுசு சென்னையிலிருந்து வர பத்து நாள் ஆகும். அண்ணாச்சி அன்றைக்குக் கடையில் இல்லை. நான் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். நாலு சென்சாரையும் கழற்றிக் குழாய்க்குள் போட்டு அடைத்து முப்பத்துமூன்று காற்று ஏற்றி டிக்கியில் போட்டுவிட்டால் போதும், குழாய்க்குள் இருக்கிற காற்றை நாலு சக்கரத்தின் காற்று என்று வண்டி நம்பிவிடும். டயர் நாலிலும் சாதாரண ரப்பர் வால்வு போட்டேன். சாவியைத் திருப்பினார், விளக்கு எரிந்து அணைந்தது, அணைந்தே இருந்தது. "கெட்டிக்காரன்டே நீ" என்று முதுகில் தட்டினார். பத்து நாளைக்குத்தான் சார், புதுசு வந்ததும் மாத்தணும் சார் என்று வாயில் வைத்திருந்தேன். முதுகில் தட்டின கையின் சூடு போகட்டும் என்று ஒரு நிமிஷம் பொறுத்தேன். அதற்குள் யாரோ பைக் ட்யூப்பை நீட்டினார்கள். அவர் போய்விட்டார். லைட் சரியாகிவிட்டது என்றுதான் போனார். அதற்கு முன்னால் சனிக்கிழமை தோறும் வருவார், காற்றுப் பார் தம்பி என்பார், ஸ்டெப்னிக்கும் பார்க்கச் சொல்லுவார், சர்வேயர் இல்லையா, எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். பிறகு வருவதில்லை. ஒருநாள் மார்க்கெட்டில் பார்த்தபோது கேட்டேன், ஏன் சார் கடைப்பக்கமே காணோம் என்று. "அதான் லைட்டு இருக்குலா, குறைஞ்சா அதுவே சொல்லும்" என்றார். கையில் முருங்கைக்காய் வைத்திருந்தார். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். முருங்கைக்காய்க் கட்டு நீளமாக இருந்தது, ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள், அவர் அதைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு சிரித்தார், எனக்கு அந்தக் கட்டு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது, அன்றைக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது ஞாபகத்தில் இல்லை.

இப்போது சார் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வந்ததிலிருந்து அதே இடம். வெயில் நாற்காலிக் கால்வரை வந்துவிட்டது, தள்ளிப் போடவில்லை. கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போது மட்டும் தோள் ஒருமுறை குலுங்குகிறது. வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தது பியூலா அக்கா, அவர் மனைவி. நாலு மாதத்துக்கு முன்னால்தான் ஓட்டப் படித்ததாம், அவர் இனி ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டதால். காலையில் வந்து இறங்கியதும் அக்கா சொன்ன முதல் பேச்சே, "தம்பி, அந்த லைட்டு ஒழுங்கா எரியணும். குருடனுக்கும் தெரியுத மாதிரி எரியணும்" என்பதுதான். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியையும் பார்க்கவில்லை, நாற்காலிக்குத்தான் சொன்னாள். ஏழு மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கயத்தாறு தாண்டிப் பின் இடது டயர் வெடித்தது. வெடிக்கிற டயர் சும்மா வெடிப்பதில்லை. காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி, தொட்டால் கை பொத்துப்போகும் அளவு கொதித்து, அதற்கப்புறம்தான் கிழியும். அதற்கு அரை மணி நேரம் ஆகும், ஒரு மணி நேரம்கூட ஆகும். அந்த ஒரு மணி நேரமும் விளக்கு எரிய வேண்டிய நேரம். வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய், நிறுத்தியிருந்த லாரியின் பின்பக்கத்தில் மோதியது. ஓட்டியவருக்கு ஒரு கீறல். பின்னால் இருந்த அக்காவுக்குத் தோள்பட்டை. முன்னால் இடது பக்கம் இருந்தது அக்காவின் தம்பி கிப்சன். பத்தொன்பது வயது. எனக்கு அவனைத் தெரியும், ஒருதடவை ஞானதுரை சாரோடு கடைக்கு வந்தவன் டூலை வாங்கிப் பார்த்து, "இத மனுசன் நெஞ்சுல வச்சா எவ்வளவு காத்துன்னு காட்டுமாண்ணே" என்றான். எங்க அண்ணாச்சிக்கு வச்சா டூல் வெடிச்சிரும் என்றேன். சிரித்தான். நான் சொல்லி யாராவது சிரித்தால் எனக்கு ஒரு வாரம் மறக்காது. அது இன்னும் மறக்கவில்லை.

முன் இடது. டூல் பச்சை காட்டுகிறது. நாலாவது தடவை. சரியாக வராது என்று தெரிந்தே செய்கிற வேலையில் கை எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது. வண்டிக்குத் தெரிந்த குரல் காதில் விழுந்துகொண்டிருக்கும்வரை அது புதுக் குரலைச் சேர்த்துக்கொள்ளாது, அதன் புத்தி அப்படி. பக்கத்திலேயே, டிக்கிக்குள்ளேயே இருந்து நாலு பேர் நாங்கள் நலம், நாங்கள் நலம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அது ஏன் வேறு யார் பேச்சையும் கேட்கப்போகிறது. முன் வலது. பச்சை. காலையில் டயரைக் கழற்றியதும் அண்ணாச்சி உள்ளே பார்த்துவிட்டு, "என்ன இது, சென்சாரே இல்ல, மொட்டை வால்வுல்லா கிடக்கு" என்றார். கொஞ்சம் யோசித்தார். "பட்டறைக்காரன் உருவிட்டாம் பாத்தியா. சாவு விழுந்த வண்டியிலயும் கை வைக்கான்" என்று அக்காவிடமே சொன்னார். அக்கா முகம் சுருங்கியது. நான் டயரை உருட்டிக்கொண்டு போனேன். அந்தப் பட்டறைக்காரரை நான் பார்த்தது கிடையாது, மெலிந்தவரோ பருத்தவரோ, பிள்ளை குட்டி உண்டோ என்னவோ, அவர் ஒரு காலைப்பொழுதில் திருடராகிவிட்டார், நான் டயரை உருட்டிக்கொண்டு போனேன். விபத்து நடந்த மறுநாள் சேதி கடைக்கு வந்தபோதும் இதே மாதிரிதான், கையில் ஏதோ வேலை இருந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பிட முடியவில்லை. டயர் எப்படியும் வெடித்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். ரோட்டில் ஆணி கிடந்திருக்கும். பாதி வண்டிகளில் அந்த விளக்கே கிடையாதே, அவை எல்லாம் ஓடவில்லையா. இருந்தாலும் எத்தனை பேர் விளக்கைப் பார்க்கிறார்கள். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கி, எல்லாம் சரியாக வந்து, கடைசியில் முருங்கைக்காய்க் கட்டோடு நிற்பவர் வந்து அதான் லைட்டு இருக்குலா என்பார். எல்லாம் சரிந்துவிடும். மறுபடியும் ஆணியிலிருந்து ஆரம்பிப்பேன். தாத்தா ஒரு கதை சொல்லுவார், சின்ன வயதில் அவர் பக்கத்தில்தான் படுக்கை. ஆற்றங்கரைக் கோயிலுக்கு எதிர்வீட்டுக்காரன், மணிச் சத்தத்தில் உறக்கம் கெடுகிறது என்று மணியின் நாக்கை அவிழ்த்துக்கொண்டு போய்ப் பானைக்குள் ஒளித்துவைத்தானாம். ஐப்பசியில் வெள்ளம் வந்தது. காவல்காரன் கயிற்றை இழுக்கிறான், இழுக்கிறான், மணி ஆடுகிறது, சத்தம் இல்லை. பிறகு தாத்தா? பிறகென்ன, கீழத்தெரு போச்சு. அவன்? அவன் வீடு மேட்டில். அவன் பிறகு யாரிடமாவது சொன்னானா? கத அங்க முடிஞ்சிட்டுலே, படு. நான் படுக்கவில்லை, அந்தப் பானை அவன் வீட்டில் எந்த மூலையில் இருந்தது, அவன் பெண்டாட்டி அதைத் திறந்து பார்த்தாளா, தண்ணீர் வடிந்த பிறகு அவன் யார் யார் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனான் என்று நினைத்துக்கொண்டே விழித்துக் கிடந்தேன். நான் கிப்சன் வீட்டுக்குப் போகவில்லை. தெருமுனை வரை போனேன்.

பின் வலது. பச்சை. அடுத்தது பின் இடது, வரிசையில் எப்போதும் கடைசியாக வருவது. குனிந்து டூலை நீட்டியபோது நாற்காலிக்கு அருகில் வந்துவிட்டேன், அதனால்தான் காதில் விழுந்தது. அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டி, "குடிங்க, வெயிலு" என்றாள். அவர் வாங்கவில்லை. என்னைப் பார்த்தார். "தம்பி, இது சரியாகலைன்னாலும் பரவாயில்ல. லைட்டு எரிஞ்சா மட்டும் என்ன. பாக்கதுக்கு ஆள் வேணும்லா." அக்கா, "பேசாம இருங்க" என்றாள். "இல்ல பியூலா, தம்பிக்குத் தெரியட்டும். அன்னைக்கும் எரிஞ்சுது தம்பி. கிப்சன் என்னமோ சொல்லிச் சிரிச்சிட்டு வந்தான். நானும் சிரிச்சேன். கண்ணுக்குக் கீழ மஞ்சளா ஒண்ணு தெரியுது. தெரியுது, ஆனா பாக்கல. கோயில்பட்டி தாண்டினதும் எரிஞ்சுது, கயத்தாறு வர எரிஞ்சுது." சொல்லும்போது வலது கை மெதுவாக எழுந்து, முன்னால் ஒன்றுமில்லாத இடத்தில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் விளக்கு இருக்கும் அதே உயரத்தில், விரலால் ஒரு புள்ளி வைத்தது. "முதல்ல ஞாபகம் இல்லைன்னுதான் சொன்னாங்க தம்பி," என்றாள் அக்கா, அவள் குரலில் கோபம்கூட மிச்சமில்லை, "எங்கம்மா கேட்டுக் கேட்டு, நானும் கேட்டுக் கேட்டு, ஒருநா எரிஞ்சுதுன்னாங்க. அன்னையிலருந்து எங்கம்மா இவுக முகத்துல முழிக்கதில்ல. கோயில்ல ஆராதனையப்ப எல்லாரு முன்னாலயும் எந்திச்சு நின்னு சொல்லிட்டாங்க, நான் பாத்தும் பாக்காம ஓட்டினேன்னு." டூல் என் கையில் பச்சை காட்டி, காட்டியபடியே அணைந்தது. எரிந்தது என்கிறார். எரிந்திருக்கவே முடியாத விளக்கு. ஏழு மாதமாக ராத்திரி ராத்திரி உட்கார்ந்து அவரே ஏற்றிக்கொண்ட விளக்கு அது, எந்த ஊரில் எரியத் தொடங்கியது என்றுகூட அளந்துவைத்திருக்கிறார். நான் அணைத்துவைத்ததை அவர் தன் நெஞ்சுக்குள் எரியவிட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இவ்வளவு நாளும் என் பயம் என்னைப் பற்றியதாகவே இருந்தது, அண்ணாச்சி விரட்டிவிடுவார், போலீஸ் வரும், அம்மா தெருவில் தலைகாட்ட முடியாது, இப்படி. இவர் என்ன நினைத்துக்கொண்டிருப்பார் என்று ஒரு நாள்கூட நான் நினைத்துப் பார்த்திருக்கவில்லை என்பது அந்தப் புள்ளி வைத்த விரலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

டிக்கியைத் திறந்தேன். ஒரு குடை, ஒரு பழைய சர்ச் காலண்டர், ஒரு ஒற்றைச் செருப்பு, ஆண்பிள்ளைச் செருப்பு, அதை நகர்த்தாமல் விரிப்பைத் தூக்க முடியாது, நகர்த்தினேன். விரிப்பைத் தூக்கினேன். ஸ்டெப்னியின் திருகைத் தளர்த்திச் சக்கரத்தை வெளியே எடுத்தேன். கிடந்தது. தூசிகூட அதிகமில்லை. நான் மேலே எழுதிவைத்த தேதி அழியவில்லை, என் கையெழுத்து, கெட்டிக்காரத்தனமாக அடியில் ஒரு கோடு வேறு இழுத்திருந்தேன். கையில் எடுத்தபோது உள்ளே நாலும் ஒன்றோடொன்று உரசி மெல்லக் கலகலத்தன. வேண்டாம், பின்பக்கம் குப்பையில் போட்டுவிட்டு வந்து ஐந்தாவது தடவை பதிந்தால் உடனே பதிந்துவிடும், அக்கா சந்தோஷப்படுவாள், வண்டி போய்விடும், நேரமும் மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்று ஒரு குரல், என் குரல்தான், யாருக்கும் கேட்காத அதே குரல், மிகவும் தெளிவாகச் சொன்னது. குப்பை பத்தடி தூரத்தில் இருந்தது. நாற்காலியும் ஏறக்குறைய பத்தடிதான். அவர் இன்னும் விரலை இறக்கவில்லை. அதனால்தான் அந்தப் பக்கம் போனேன் என்று நினைக்கிறேன், நல்லவன் என்பதால் இல்லை.

"சார், அன்னைக்கு லைட்டு எரியல" என்றேன். "என்ன தம்பி?" எரியல சார் என்றேன். பெரிய மனசோடு சிரித்தார், "ஆறுதல் சொல்லுதியாக்கும்." இல்ல சார், எரிய முடியாது சார், இதப் பாருங்க. அக்கா வந்து குழாயைப் பார்த்தாள். "இது என்னது?" சொன்னேன். நாலு சென்சாரும் இதுக்குள்ள இருக்குக்கா, சக்கரத்துல இல்ல, டயர்ல காத்தே இல்லாட்டியும் வண்டிக்குத் தெரியாது, பட்டறைக்காரரு எதையும் எடுக்கல, நான்தான் செஞ்சேன். அக்கா குழாயிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். பிறகு, "அவுக கேட்டு செஞ்சியா, நீயா செஞ்சியா?" என்றாள். லைட்டை அணைக்கச் சொன்னது சார்தானே என்று பாதி உண்மை ஒன்று வாய்வரை வந்தது. "நானாத்தான்க்கா. அவுகளுக்கு இப்படி ஒண்ணு இருக்கதே தெரியாது. சரியாயிட்டுன்னு நம்பித்தான் போனாக. நான் சொல்லல." "ஏல பாலவேசம், வாய மூடிட்டு உள்ள வா" என்று அண்ணாச்சி ஷட்டருக்கு அருகிலிருந்து சொன்னார், அதட்டவில்லை, பயந்த குரலில் சொன்னார். நான் போகவில்லை. அக்கா அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் என் கையிலிருந்து குழாயை வாங்கி நாற்காலியில் இருப்பவர் மடியில் வைத்தாள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மூடியைத் தடவினார், ஒரு முனையிலிருந்து மறு முனைவரை சாண் போட்டு அளந்தார். "லைட்டு மஞ்சளாத்தான தம்பி எரியும்?" என்று கேட்டார். ஆமா சார். "நான் பாத்தது மஞ்சள்தான்." "நீங்க ஒண்ணும் பாக்கலங்க," என்றாள் அக்கா. "எரியலங்க." "பாத்தேன் பியூலா. அத்தைட்ட சொன்னேனே." ஒரு வார்த்தை சொன்னால் அவர் நெஞ்சிலிருந்து அது இறங்கிவிடும் என்று நான் எப்படியோ நம்பியிருந்தேன், ஏழு மாதம் சொல்லாமல் இருந்தவன் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டால் போதும் என்று. அவர் என்னையும் குழாயையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார், வீட்டில் இருந்த ஒரே பொருளையும் யாரோ தூக்கிக்கொண்டு போவதைப் பார்ப்பவர் மாதிரி. "அப்ப நான் எதப் பாத்தேன்?" அக்கா சிமென்ட் தரையில், கிரீஸ் கறை பார்க்காமல், அவர் காலுக்கு அருகில் உட்கார்ந்தாள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "எரியலங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "எரியலங்க." அவர் தலையை ஆட்டவில்லை. அவள் திரும்பவும் சொன்னாள். இருவருமே என்னைப் பார்க்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நான் அங்கேயே நின்றேன், வேலை ஒன்றும் இல்லாத கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்.